‘இல்லா’ என்றால் ஆமாம்

ரியாதில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். காலை ஏழு மணிக்கு முதியவர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். தோப் என்கிற நீள அங்கியின் கையைச் சுருட்டிவிட்டு நரம்பு நன்றாகத் தெரியும் கையை நீட்டினார். சீட்டில் வெறும் வயிற்றுச் சர்க்கரை என்று இருந்தது. ரூமில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன்: “மா அகல்த் ஷை?” எதுவும் சாப்பிடவில்லையே?

“இல்லா...” என்று ஆரம்பித்து மேற்கொண்டு ஏதோ சொன்னார். எனக்கு முதல் சொல்லே போதுமாக இருந்தது. இல்லை என்கிறார், சாப்பிடவில்லை. ரப்பர் பட்டையைக் கட்டி ஊசியைப் போட்டேன்.

மதியம் டாக்டரிடமிருந்து போன். போன தடவை ஆறை ஒட்டி இருந்த அளவு இப்போது ஒன்பதைத் தாண்டியிருந்தது. எங்கள் லேபில் மில்லிமோல் கணக்கு; அங்கே ஏழு என்றால் நம் ஊர்க் கணக்கில் 126, சர்க்கரை நோய் என்று சொல்லத் தொடங்கும் எல்லை. “கேட்டுவிட்டுத்தானே எடுத்தாய்?” என்றார். “கேட்டேன் டாக்டர், இல்லை என்றார்.” “என்ன சொன்னார்? அவர் சொன்ன சொல்லை அப்படியே சொல்.” “இல்லா என்றார்.” அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் சிரித்துவிட்டார்.

ரியாத் பக்கத்துப் பேச்சில் ‘இல்லா’ என்பது ‘இல்லை’ அல்ல. எதிர்மறையில் கேட்ட கேள்வியை மறுத்து, ‘ஏன் இல்லை, செய்தேனே’ என்று சொல்கிற சொல். அந்தப் பெரியவர் என்னிடம் சொன்னது “இல்லா, தம்ரதேன்”. அதாவது, சாப்பிட்டேனே, இரண்டு பேரீச்சம்பழம். பாவம், அவர் ஒளிக்காமல்தான் சொல்லியிருக்கிறார். தமிழ்க் காதோடு போய் உட்கார்ந்தது என் தப்பு. மறுநாள் அவரைத் திரும்ப வரச் சொல்ல வேண்டியதாயிற்று. வந்தார். முகம் நன்றாக இல்லை.

இந்த ஒரு சம்பவத்திலிருந்துதான் அரபியில் கேள்வி எப்படி அமைகிறது என்பதை ஒழுங்காகக் கற்கத் தொடங்கினேன். எங்கள் வரவேற்பு மேசையில் ஒரு சூடான்காரர் இருந்தார், அறுபதை நெருங்கியவர். எல்லோரும் ‘யா ஹாஜ்’ என்றுதான் கூப்பிடுவோம். இலக்கணம் என்றால் உயிர். விஷயத்தைக் கேட்டதும், “யா வலதி, மகனே, உனக்கு ‘பலா’ தெரியாதா? நீ முஸ்லிம்தானே, குர்ஆன் ஓதியதில்லையா?” என்றார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஓதத் தெரியும். ஆனால் பொருள் தெரியாது. ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் எங்கள் ஊரில் பாதிப் பேர் நிலைமை அதுதான்.

அவர் சொன்னது இது. அல்அஃராஃப் அத்தியாயத்தின் 172ஆவது வசனத்தில், ஆதமின் சந்ததியிடம் இறைவன் “அலஸ்து பிரப்பிகும்?” என்று கேட்கிறான். நான் உங்கள் இறைவன் அல்லவா? அவர்கள் சொன்ன பதில் “பலா”. இந்த இடத்தில் “நஅம்” என்று சொல்லியிருந்தால் ‘ஆமாம், நீ எங்கள் இறைவன் அல்ல’ என்று பொருளாகிவிடும். நஅம் என்று சொல்லியிருந்தால் அவர்கள் நிராகரித்தவர்களாகியிருப்பார்கள் என்று நபித்தோழர் இப்னு அப்பாஸ் சொன்னதாக இலக்கணக்காரர்கள் எடுத்துக்காட்டுவார்கள். ‘நஅம்’ கேள்வி இருக்கிறபடியே அதை ஒப்புக்கொள்ளும், எதிர்மறை என்றால் எதிர்மறையையே. ‘பலா’ அந்த எதிர்மறையை உடைக்கும். ரியாத்காரர்களின் ‘இல்லா’ செய்வது இந்த ‘பலா’வின் வேலையைத்தான்.

கேட்டதும் எனக்குத் தோன்றியது, இது நம் தமிழ்தானே என்று. “சாப்பிடலையா?” என்று உம்மா கேட்டால், “ஆமா” என்றால் சாப்பிடவில்லை என்று அர்த்தம், சாப்பிட்டிருந்தால் “சாப்பிட்டேனே” என்போம். ஆங்கிலத்தில்தான் இது தலைகீழ். ஆனால் கல்லூரியில் பாடத்தை எல்லாம் ஆங்கிலத்தில் படித்த புத்தி, அரபியைக் கேட்டதும் ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து தமிழுக்கு வந்துகொண்டிருந்தது. தேவையில்லாத ஒரு தரகர். அவரை வெளியே அனுப்பிய பிறகுதான் எனக்கு அரபிக் கேள்விகள் பிடிபட ஆரம்பித்தன.

வேலையிடத்துக்கான பாடத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தப்பானால் வினையாகும் இடத்தில் எதிர்மறையில் கேட்காதீர்கள். நஅம், பலா கணக்கெல்லாம் ஏட்டு அரபியில் சுத்தமாக இருக்கும். கவுன்டருக்கு எகிப்துக்காரர் வருவார், ஏமன்காரர் வருவார், காய்ச்சலில் வருவார், அவசரத்தில் வருவார். அவர் தலையாட்டியது எதற்கு என்று உங்களால் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு நான் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: “மிதா ஆகிர் மர்ரா அகல்த்?” கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்? இதற்கு ஆமாம், இல்லை என்று பதில் சொல்லவே முடியாது, நேரத்தைத்தான் சொல்லியாக வேண்டும். பெண்ணாக இருந்தால் “அகல்தி”. வெறும் வயிறு என்பதற்கு நோயாளிகள் சொல்வது ‘அலர் ரீக்’, அதாவது எச்சிலோடு, வாயில் வேறெதுவும் படாமல். “ஸாயிம்?” என்று கேட்டால் சிலர் நோன்பைப் பற்றிக் கேட்கிறேன் என்று எடுத்துக்கொண்டு, “இன்றைக்கு நோன்பு இல்லை” என்பார்கள். அது தனிக் குழப்பம்.

சரி, அமைப்புக்கு வருகிறேன்.

ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்கு ஏட்டு அரபியில் இரண்டு கருவிகள்: ‘ஹல்’, அப்புறம் வெறும் ‘அ’. இரண்டும் வாக்கியத்தின் தலையில் வந்து நிற்கும். மற்றபடி எதையும் புரட்டிப் போட வேண்டாம். “கதப்த ஹாதா” என்றால் நீ இதை எழுதினாய். “ஹல் கதப்த ஹாதா?” என்றால் இதை எழுதினாயா? தமிழில் வாலில் ‘ஆ’ வருகிறது, அரபியில் தலையில் ‘ஹல்’. அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ‘அ’ எதற்கு என்று ஹாஜியிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று அவர் மேசையில் காத்திருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். அரை மணி நேரம் ஓடிற்று.

‘ஹல்’ வாக்கியம் முழுவதையும் ஒரு மூட்டையாகக் கட்டிக் கேட்கும்: இது நடந்ததா இல்லையா? ‘அ’ அப்படியும் கேட்கும், அதோடு ஒரு சொல்லை மட்டும் பிடித்தும் கேட்கும். எந்தச் சொல்லைப் பற்றிச் சந்தேகமோ அது ‘அ’வுக்கு அடுத்தாற்போல் வந்து நிற்க வேண்டும். “அகதப்த ஹாதா?” எழுதினாயா இதை? “அஅன்த கதப்த ஹாதா?” நீயா இதை எழுதினாய்? “அஹாதா கதப்த?” இதையா எழுதினாய்?

இதை ஆங்கிலத்தில் விளக்க வேண்டுமானால் ஒரு சொல்லை அழுத்திச் சொல், இழுத்துச் சொல் என்று மூச்சு வாங்க வேண்டும். தமிழனுக்கு ஒரு நொடி போதும். நம்முடைய ‘ஆ’ எந்தச் சொல்லின் வாலைப் பிடிக்கிறதோ அந்தச் சொல்தான் கேள்வி. அரபியின் ‘அ’ எந்தச் சொல்லின் தலையைப் பிடிக்கிறதோ அந்தச் சொல்தான் கேள்வி. ‘ஆ’வைக் கண்ணாடியில் பார்த்தால் ‘அ’. இரண்டு மொழிக்கும் உறவு ஒன்றும் இல்லை, அதனால்தான் எனக்கு இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது. எ, யா சொல்லின் முதலிலும், ஆ, ஓ ஈற்றிலும், ஏ இரண்டு இடத்திலும் வினாவாக வரும் என்று நன்னூலை எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்தபோது இதெல்லாம் எதற்கு என்று திட்டியிருக்கிறேன்.

இதற்கு எடுத்துக்காட்டாக எல்லா ஆசிரியர்களும் காட்டுவது இப்ராஹீம் நபியின் கதை. சிலைகள் உடைந்து கிடக்கின்றன. ஊர் கூடி அவரிடம் கேட்கிறது: “அஅன்த ஃபஅல்த ஹாதா?” நீயா இதைச் செய்தாய்? உடைந்ததில் யாருக்கும் சந்தேகம் இல்லை, கண்ணெதிரே கிடக்கிறது. யார் செய்தது என்பதுதான் கேள்வி. அதனால் ‘அன்த’ முன்னால் வந்தது. 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இலக்கண அறிஞர் அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானி இந்த வித்தியாசத்தைப் பிரித்துப் பிரித்து எழுதியிருக்கிறார் என்றார் ஹாஜி. அன்று மாலை என் மேலாளர் ஒரு ரிப்போர்ட்டைக் காட்டி “இன்த கதப்த் ஹாதா?” என்று கேட்டார். பேச்சரபியில் அந்த ‘அ’ கிடையாது, குரல் ஏறுவதுதான் கேள்வி. ஆனாலும் ‘இன்த’வை முன்னால் போட்டதிலேயே தெரிந்துவிட்டது, அவருக்கு எழுத்தைப் பற்றிச் சந்தேகம் இல்லை, ஆளைப் பற்றித்தான். நான்தான் எழுதியிருந்தேன், தப்பாக.

இரண்டுக்கும் உள்ள வேறு வித்தியாசங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘ஹல்’ எதிர்மறையோடு சேராது, ‘அ’ சேரும். அதனால்தான் லம், லய்ஸ, லா என்ற மறுப்புச் சொற்களோடு ‘அ’ சேர்ந்த அலம், அலய்ஸ, அலா எல்லாம் இருக்கின்றன, ‘ஹல் லம்’ இல்லை. ‘ஃப’, ‘வ’ போன்ற இணைப்புச் சொற்கள் வந்தால் ‘ஹல்’ மரியாதையாகப் பின்னால் நிற்கும்: ஃபஹல். ‘அ’ விட்டுக்கொடுக்காமல் முன்னால் வந்துவிடும்: அஃபலா, அவலம்.

அப்புறம் இதுவா அதுவா என்கிற கேள்வி. டீயா காப்பியா என்று நாம் இரண்டு பக்கமும் ‘ஆ’ போடுகிறோம். ஏட்டு அரபியில் முதல் பக்கம் ‘அ’, இரண்டாம் பக்கம் ‘அம்’: “அஷாயன் துரீது அம் கஹ்வதன்?” இதற்கு ஷாய் அல்லது கஹ்வா என்றுதான் பதில். “ஹல் துரீது ஷாயன் அவ் கஹ்வதன்?” என்று ‘அவ்’ போட்டால் டீயோ காப்பியோ ஏதாவது வேண்டுமா என்று பொருள், வேண்டும், வேண்டாம் என்பதே பதில். பேச்சில் இது “ஷாய் வல்லா கஹ்வா?” ஆகிவிடும். இந்த ‘வல்லா’வை முதல் சில வாரம் நான் ‘வல்லாஹி’ என்று அல்லாஹ்வின் மேல் இடும் சத்தியமாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு டீக்காக இந்த மனிதர்கள் ஏன் இப்படிச் சத்தியம் செய்கிறார்கள் என்று ஒரே யோசனை.

இனி ‘மா’. என்னைக் கேட்டால் அரபிக் கேள்விகளில் பாதி தொந்தரவு இந்த ஒற்றை எழுத்துச் சொல்லில்தான். ‘என்ன’ என்று கேட்பதற்கும் மா, ‘இல்லை’ என்று மறுப்பதற்கும் மா, ‘எவ்வளவு அழகு!’ என்று வியப்பதற்கும் மா. கேள்வியில் பெயர்ச்சொல்லோடு ‘மா’ வரும், வினைச்சொல்லோடு பெரும்பாலும் ‘மாதா’ வரும்: “மா ஹாதா?” இது என்ன? “மாதா அகல்த?” என்ன சாப்பிட்டாய்? ‘மா அகல்த’ என்றால் நீ சாப்பிடவில்லை. ஒரு ‘தா’ விட்டுப்போனால் கேள்வி மறுப்பாகிவிடும். “உன் பெயர் என்ன?” என்பது எழுத்தில் ‘மா இஸ்முக’, காதில் விழுவது ‘மஸ்முக’. யாராவது ‘மஸ்முக்’ என்றால் அகராதியில் தேடாதீர்கள். நான் தேடினேன்.

இதைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. அரபி இலக்கணத்துக்கு அடித்தளம் போட்டவர் என்று சொல்லப்படும் அபுல் அஸ்வத் அத்துஅலீ பஸ்ராவில் இருந்தவர், கி.பி. 688இல் இறந்தார். ஒரு நாள் இரவு அவர் மகள் வானத்தைப் பார்த்து, “மா அஹ்ஸனுஸ் ஸமாஇ” என்றாள். தந்தை “அதன் நட்சத்திரங்கள்” என்றார். “நான் கேட்கவில்லை வாப்பா, வியந்துதான் சொன்னேன்” என்றாள் மகள். “அப்படியானால் ‘மா அஹ்ஸனஸ் ஸமாஅ’ என்று சொல்ல வேண்டும்” என்றார். ‘னு’ போட்டால் வானத்தில் மிக அழகானது எது என்ற கேள்வி, ‘ன’ போட்டால் வானம்தான் எத்தனை அழகு என்ற வியப்பு. இந்தக் குழப்பத்தைப் பார்த்துத்தான் அவர் இலக்கணம் வகுக்க உட்கார்ந்தார் என்பார்கள். நடந்ததோ இல்லையோ, என்னுடைய ‘இல்லா’ கதையை ஹாஜி இதற்குப் பக்கத்தில் வைத்துச் சொல்லிச் சிரிப்பார். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை. முன்னிடைச் சொல் பாடம். அரபியில் ‘மின்’, ‘இலா’, ‘பி’, ‘லி’ எல்லாம் கேள்விச் சொல்லுக்கு முன்னால் ஒட்டும்: மின் அய்ன, எங்கிருந்து, இலா அய்ன, எங்கே, லிமன், யாருக்கு, பிகம், என்ன விலை. தமிழில் வாலில் ஒட்டுவதெல்லாம் அங்கே தலையில் ஒட்டுகிறது, இதற்குள் அது பழகிவிட்டிருந்தது. ‘மா’ மட்டும் இப்படி ஒட்டும்போது தன் நெடிலை இழந்துவிடும் என்றார் ஹாஜி. லி சேர்ந்தால் லிம. ஃபீ சேர்ந்தால் ஃபீம. மின் சேர்ந்தால் மிம்ம. “அன் சேர்ந்தால்?” என்று என்னைக் கேட்டார். “அம்ம” என்றேன். சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஏழு வயதில் ஓதப் பள்ளியில் லெப்பை கையில் கொடுத்த முதல் புத்தகம் அம்ம ஜுஸ்வு. குர்ஆனின் முப்பதாவது பாகம், 78 முதல் 114 வரை 37 அத்தியாயங்கள். எங்கள் வீட்டில் உம்மா, பக்கத்து வீட்டில் அம்மா. அதனால் அது ஏதோ அம்மாக்கள் சம்பந்தப்பட்டது என்று வெகுநாள் நினைத்திருந்தேன். வளர்ந்த பிறகு அது வெறும் பெயராகிவிட்டது. அந்தப் பெயரே ஒரு கேள்வி: அன், மா. எதைப் பற்றி? “அம்ம யதஸாஅலூன்” என்றால் எதைப் பற்றி அவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள்? முப்பது வருடமாக நான் ஒரு கேள்வியைக் கேள்வி என்றே தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று ராத்திரி ரூமில் ஒரு நோட்டை எடுத்து, மனப்பாடமாகத் தெரிந்த அத்தியாயங்களில் கேள்விகளை மட்டும் எழுத ஆரம்பித்தேன். “ஹல் அதாக” (உமக்கு வந்ததா), “அலம் நஷ்ரஹ்” (நாம் விரிவாக்கவில்லையா), “அலம் தர கைஃப” (எப்படி என்று நீர் பார்க்கவில்லையா), “மிம்ம குலிக்” (எதிலிருந்து படைக்கப்பட்டான்), “ஃபஅய்ன தத்ஹபூன்” (பிறகு எங்கே போகிறீர்கள்), “அய்யான முர்ஸாஹா” (அது எப்போது வந்து நிற்கும்), “பிஅய்யி தன்பின் குதிலத்” (எந்தக் குற்றத்துக்காக அவள் கொல்லப்பட்டாள்). அந்தக் கடைசி வாக்கியத்தில் ‘அய்யு’ என்பது ‘அய்யி’ ஆகியிருப்பதைக் கவனியுங்கள். மற்றக் கேள்விச் சொற்கள் வேற்றுமைக்கு ஏற்ப உரு மாறாது, ‘அய்யு’ ஒன்றுதான் அய்யு, அய்ய, அய்யி என்று வளையும். இலக்கணப் புத்தகத்தில் இதைப் படித்திருந்தால் மறுநாளே மறந்திருப்பேன். ஓதத் தெரிந்து பொருள் தெரியாத யாருக்கும் நான் சொல்வது இதைத்தான்: புது வாக்கியம் தேடிப் போகாதீர்கள். சிறுவயதில் ஏற்றி வைத்த சரக்கு உள்ளே இருக்கிறது, சாவியைப் போட்டால் போதும்.

‘கம்’ பற்றி ஒரு வார்த்தை. எத்தனை என்று கேட்க ‘கம்’ போட்டால் அடுத்து வரும் பெயர் ஒருமையில், ‘அன்’ விகுதியோடு வரும்: “கம் யவ்மன்?” எத்தனை நாள்? பன்மை போடக் கூடாது. நாமும் எத்தனை நாள், எத்தனை ரூபாய் என்றுதானே கேட்கிறோம். இங்கேயும் அந்தப் பழைய தரகர்தான் என் காதில் பன்மையை ஓதிக்கொண்டிருந்தார்.

கடைசியாகத் தெருவுக்கு வருகிறேன். மேலே சொன்ன ஏட்டுக் கேள்விகளை பத்ஹா கடைத்தெருவில் கேட்டால் மரியாதையாகப் பார்ப்பார்கள், செய்தி வாசிப்பவரைப் பார்ப்பது போல. ரியாதில் ‘என்ன’ என்பது ‘வஷ்’, ஜித்தாவில் ‘ஏஷ்’, எகிப்துக்காரருக்கு ‘ஏஹ்’, எங்கள் ஹாஜிக்கு ‘ஷினு’. ‘எங்கே’ என்பது ரியாதில் ‘வேன்’, எகிப்தில் ‘ஃபேன்’. எகிப்துக்காரர்கள் கேள்விச் சொல்லை முன்னால் இழுக்காமல் அது இருக்கும் இடத்திலேயே விட்டுவிடுவார்கள்: “இஸ்மக் ஏஹ்?” உன் பேர் என்ன, சொல்லுக்குச் சொல் தமிழ். அதனால் எனக்கு எகிப்து நோயாளிகளிடம் பேசுவது எப்போதும் லேசாக இருந்தது. ஆணிடம் ‘இஸ்மக்’, பெண்ணிடம் ‘இஸ்மிக்’. இதை மறந்து ஒரு பாட்டியிடம் ‘இஸ்மக்’ என்று கேட்டு, அவருடைய பேத்திகள் மூன்று பேர் சிரித்து முடிக்கும் வரை ஊசியைப் பிடித்தபடி நின்றிருக்கிறேன். ஒரு சொல்லை மட்டும் கற்றுக்கொண்டு விமானம் ஏறுவதானால் ‘மும்கின்’ கற்றுக்கொள்ளுங்கள். முடியுமா, செய்யலாமா என்று பொருள். “மும்கின் யதக்?” என்றால் கையைக் கொடுக்கிறீர்களா? கட்டளையாக விழ வேண்டியது கேள்வியாக மென்மையாகிவிடும். கூட ஒரு ‘லவ் ஸமஹ்த்’, அதாவது தயவுசெய்து, சேர்த்தால் இன்னும் நல்லது, பெண்களிடம் ‘லவ் ஸமஹ்தி’.

மூன்று மாதம் கழித்து அந்தப் பேரீச்சம்பழப் பெரியவர் திரும்ப வந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கையை உயர்த்தி, “மா அகல்த் ஷை, வல்லாஹ்” என்றார். இந்தத் தடவை அது சத்தியம்தான்.

“மிதா ஆகிர் மர்ரா அகல்த், யா அம்?” என்றேன்.

“நேற்று இரவு இஷாத் தொழுகைக்கு அப்புறம்.”

“தம்ர்?”

“லா தம்ர், லா கஹ்வா,” என்று சொல்லிவிட்டு, தோபின் கையைச் சுருட்டினார்.